பழைய மில்லேனியம் ஃபால்கன் (10179) வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

லெகோ சேகரிக்கிறவர்கள் நாலு பேர் கூடினால் 10179 என்ற எண் வராமல் பேச்சு முடியாது. 2007-இல் வந்த லெகோ செட்டின் எண் அது, ஸ்டார் வார்ஸ் படங்களில் வரும் மில்லேனியம் ஃபால்கன் என்ற விண்கப்பலைப் பீஸ் பீஸாகப் பூட்டிக் கட்டுவது. 5,195 பீஸ், அமெரிக்காவில் 499.99 டாலர். அதுவரை லெகோ போட்ட செட்டுகளிலேயே பீஸ் கணக்கில் பெரியது. அடுத்த வருடமே தாஜ் மகால் 5,922 பீஸோடு வந்து அந்தப் பெயரைத் தட்டிக்கொண்டு போனது வேறு கதை. 2010 வாக்கில் தயாரிப்பை நிறுத்தினார்கள், அதன் பிறகு விலை ஏறின வேகம்தான் இதைப் பெரிய பேச்சாக்கியது. சீல் உடைக்காத பெட்டி பல ஆயிரம் டாலருக்குக் கை மாறிய காலம் உண்டு.

இந்த செட்டைப் பற்றிக் கருத்து சொல்லாதவர் கிடையாது. "இதுக்கு மேல ஒரு செட் வரவே இல்லை" என்று ஒருவர், "2017-ல புதுசு வந்ததுக்கு அப்புறம் அதை எவன் வாங்குவான்" என்று இன்னொருவர். கவனித்துக் கேட்டால் இரண்டு பேரும் கப்பலைப் பற்றிப் பேசவே இல்லை, விலையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். வாங்குகிறவர்கள் செய்யும் தவறுகளில் பாதி இந்தக் குழப்பத்தில்தான் பிறக்கிறது என்பது என் எண்ணம். 10179 என்ற ஒரே எண்ணுக்குள் மூன்று சரக்கு இருக்கிறது: சீல் உடைக்காத பெட்டி ஒன்று, அந்த 5,195 அசல் பீஸ் ஒன்று, மேசை மேல் நிற்கிற 84 சென்டிமீட்டர் நீளக் கப்பல் ஒன்று. உங்களுக்கு வேண்டியது எது என்று முடிவு செய்யாமல் விற்பவரிடம் பேசப் போனால், கப்பல் மட்டும் வேண்டிய ஆள் பெட்டிக்கான விலையைக் கொடுத்துவிட்டு வருவார்.

"ரிட்டயர் ஆனது, இனி ஏறத்தான் செய்யும்"

இதுதான் தவறுகளில் மூத்தது. 10179-ஐ லெகோ மறுபடி போடவே போடாது என்று சத்தியம் செய்தவர்கள் நிறைய பேர். 2017-இல் 75192 வந்தது. அதே ஃபால்கன், 7,541 பீஸ், 799.99 டாலர். பழையதன் விலை சரிந்தது. அதே வருடம் தாஜ் மகாலும் 10256 என்ற புது எண்ணில் 5,923 பீஸோடு திரும்பி வந்தது. பழையதை விட ஒரே ஒரு பீஸ் கூடுதல்! பழைய தாஜ் மகால் பெட்டியைப் பூட்டி வைத்துக் காத்திருந்தவர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

முதலீடு என்று பேச்சு வந்ததும் மாஸ்கோவின் ஹையர் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் ஆய்வாளர்கள் செய்த ஆய்வைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். 1987 முதல் 2015 வரை வெளியான 2,322 செட்டுகளைப் பார்த்தார்கள், வருடத்துக்குச் சராசரி 11 சதவீத அளவில் லாபம் என்று வந்தது. உண்மைதான். ஆனால் அதே ஆய்வில் பாதி மதிப்பை இழந்த செட்டுகளும் உண்டு, அதை யாரும் சொல்ல மாட்டார்கள். சராசரி என்பது 2,322 செட்டையும் வாங்கி வைத்தவருக்குத்தான் கிடைக்கும். நீங்கள் வாங்கப் போவது ஒன்று. அதோடு அதை இத்தனை வருடம் ஈரம் படாமல், மூலை மடங்காமல், பூச்சி அரிக்காமல் வைத்திருக்க வேண்டிய இடத்துக்கும் ஒரு விலை இருக்கிறது, அனுப்பும் செலவு இருக்கிறது, வெளிநாட்டிலிருந்து வந்தால் சுங்க வரி இருக்கிறது.

இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. ஸ்டாக் தீர்ந்துபோவதையும் தயாரிப்பு நிற்பதையும் ஒன்றாக நினைப்பது. 75192 வந்த புதிதில் உடனே தீர்ந்துபோனது, மாதக்கணக்கில் கிடைக்கவில்லை. அந்த இடைவெளியில் பயந்துபோய் இடைத்தரகர்களிடம் கூடுதல் விலை கொடுத்து வாங்கியவர்கள் உண்டு. பிறகு அது வருடக்கணக்காகக் கடையில் சாதாரணமாகக் கிடைத்துக்கொண்டிருந்தது.

"99 சதவீதம் முழுசா இருக்கு"

பிரித்த செட்டை விற்கிறவர்கள் எல்லாரும் சொல்கிற வாசகம் இது. கணக்குப் போடுங்கள்: 5,195-இல் ஒரு சதவீதம் என்றால் ஏறக்குறைய 52 பீஸ். அந்த 52-உம் கடைசி வரிசையில் போகிற சாதாரண சாம்பல் பிளேட்டுகளாக இருந்தால் ஒன்றுமில்லை, லெகோ பீஸ்களை உதிரியாக விற்கும் பிரிக்லிங்க் என்ற இணையச் சந்தையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். ஆனால் காணாமல் போவது எப்போதும் விலை கூடினதாகத்தான் இருக்கும். முதலில் மினிஃபிகர்கள், அதாவது செட்டோடு வரும் குட்டி மனித பொம்மைகள். ஹான் சோலோ, லூக், லேயா, ஓபி-வான், சூபாக்கா என்று ஐந்து பேர்தான் இந்த செட்டில். அவர்களைத் தனியாக எடுத்து விற்றுவிட்டு, மிச்சத்தை "கிட்டத்தட்ட முழு செட்" என்று போடுகிறவர்களும் இருக்கிறார்கள். பெயர்ப்பலகைக்கான ஸ்டிக்கரும் அப்படித்தான்: ஒட்டாத ஸ்டிக்கர் ஒரு விலை, கோணலாக ஒட்டியது ஒரு விலை, இல்லவே இல்லை என்றால் அதற்கும் ஒரு விலை.

அதனால் "முழுசா இருக்கா" என்று கேட்காதீர்கள். "என்னென்ன இல்லை" என்று கேளுங்கள், பட்டியலாகக் கேளுங்கள். பட்டியல் தர முடியாதவர் எண்ணிப் பார்க்கவில்லை என்று அர்த்தம், எண்ணாமல் சொன்ன 99-ஐ நீங்கள் 90 என்று எடுத்துக்கொண்டு விலை பேசலாம். "முதல் பதிப்பு" என்று சொல்லிக் கூடுதல் கேட்டால் அதோடு வந்த எண்ணிட்ட சான்றிதழின் படத்தையும் கேளுங்கள், பெட்டி மேல் உள்ள முத்திரை மட்டும் போதாது.

போலி

இது சின்ன விஷயம் இல்லை. 10179-இன் விலை உச்சத்தில் இருந்தபோது சீனாவின் லெபின் என்ற கம்பெனி இதை அப்படியே நகல் எடுத்து 05033 என்ற எண்ணில் விற்றது. 2019-இல் சீனப் போலீஸ் அந்தக் கூட்டத்தைப் பிடித்தது, 2020-இல் ஷாங்காய் நீதிமன்றம் அதன் தலைவருக்கு 6 வருடம் சிறையும் 9 கோடி யுவான் அபராதமும் போட்டது. ஆனால் விற்ற பெட்டிகள் விற்றவைதான், அவை இன்னும் வீடுகளில் இருக்கின்றன, கை மாறிக்கொண்டும் இருக்கின்றன. எல்லா விற்பவரும் ஏமாற்றுக்காரர் என்று சொல்லவில்லை, மூன்றாவது நான்காவது கை என்று வரும்போது விற்பவருக்கே தெரியாமல் இருக்கலாம். மொத்தமும் போலியாக இருப்பதை விட மோசம், அசல் செட்டில் காணாமல் போனதைப் போலிப் பீஸ் போட்டு நிரப்பி வைத்திருப்பது.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. அசல் லெகோவில் மேலே உள்ள ஒவ்வொரு குமிழிலும் LEGO என்ற ஆங்கில எழுத்துகள் பொடியாகப் புடைத்திருக்கும், மிகச் சின்ன ஒற்றைக் குமிழ் பீஸிலும் இருக்கும். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் நிழலில் தெரியும். அதனால் கப்பலைத் தூரத்திலிருந்து எடுத்த படத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். மேல் தகடு, அடிப்பாகம், முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கொம்புகள், இந்த மூன்று இடத்திலும் கிட்டத்தில் எடுத்த படம் வேண்டும் என்று கேளுங்கள். தயங்கினால் நகர்ந்துவிடுங்கள். சீல் உடைக்காத பெட்டி என்றாலும் சும்மா நம்பாதீர்கள், டேப்பைப் பிரித்து மறுபடி ஒட்டின பெட்டிகளும் சந்தையில் உண்டு.

சாம்பல் என்றால் எந்தச் சாம்பல்?

பீஸ் பீஸாக வாங்கிச் செட்டை நிரப்பப் போகிறீர்கள் என்றால் இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் அதிகம் பணம் வீணாவது இங்கேதான். 2004 வாக்கில் லெகோ தன் சாம்பல் நிறத்தை மாற்றியது. பழையது லேசாக மஞ்சள் சாயல் கொண்டது, புதியது நீலச் சாயல். பிரிக்லிங்கில் பழையதை லைட் கிரே என்றும் புதியதை லைட் புளூயிஷ் கிரே என்றும் போட்டிருப்பார்கள். 10179 வந்தது 2007-இல், ஆகவே அதற்குப் புதிய சாம்பல்தான். செட் பழசாயிற்றே, பழைய சாம்பல்தான் இருக்கும் என்று நினைத்து நூற்றுக்கணக்கில் ஆர்டர் போட்டால், வந்ததை மேல் தகட்டில் வைத்ததும் கப்பலுக்குத் தேமல் வந்தது மாதிரித் தெரியும்.

சரி, சரியான நிறத்தையே வாங்கினீர்கள், அப்போதும் ஒட்டாமல் தெரிந்தால்? அது வெயில். ஜன்னல் ஓரத்தில் வருடக்கணக்கில் நின்ற செட்டில் மேல்பக்கம் மஞ்சளாகி, பழுப்பாகக் கூட ஆகியிருக்கும், புற ஊதாக் கதிர் இந்த பிளாஸ்டிக்கை விடாது. இதைச் சோதிக்க ஒரு எளிய வழி: மேலே ஒட்டியிருக்கும் வழவழப்பான டைல் ஒன்றைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அடியில் மூடியிருந்த இடம் ஒரு நிறம், சுற்றிலும் வேறு நிறம் என்றால், அந்தக் கப்பல் வெயிலில் நின்றிருக்கிறது. ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறப்போட்டு வெளுக்க வைக்கலாம் என்று ஒரு கூட்டம் சொல்லும். வெளுக்கும், ஆனால் பல சமயம் மறுபடியும் மஞ்சளாகும். ஆயிரக்கணக்கான பீஸுக்கு அந்த வேலை எனக்குச் சரிப்படாது.

உள்ளே மறைந்து போகிற இடத்தில் வேறு நிறத்தைப் போட்டுச் செலவைக் குறைக்கலாமா என்று கேட்பார்கள். கப்பல்தான் வேண்டும் என்றால் தாராளமாகப் போடுங்கள், யாருக்கும் தெரியப் போவதில்லை. பிறகு விற்கும்போது மட்டும் "ஒரிஜினல் 10179" என்று விற்காதீர்கள்.

கட்டும்போது

75192-இல் 17 எண்ணிட்ட பைகள், ஒன்றாம் பையைப் பிரித்து முடித்துவிட்டு இரண்டாம் பைக்குப் போகலாம். 10179-இல் அந்தச் சொகுசு கிடையாது, பைகளில் எண்ணே இல்லை. எல்லாப் பைகளையும் ஒரே குவியலாகக் கொட்டிவிட்டு முதல் பக்கத்தைத் திறந்தவர் இரண்டாம் நாளே சலித்துப்போவார். முதலில் வடிவம் வாரியாகப் பிரியுங்கள், நிறம் வாரியாக வேண்டாம். பெரும்பாலும் சாம்பல்தான் என்பதால் நிறம் வாரியாகப் பிரித்தால் பெரிய குவியல் ஒன்று அப்படியே மிஞ்சும். ராத்திரி மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் கட்டவும் வேண்டாம், இளஞ்சாம்பலும் அடர்சாம்பலும் அச்சிட்ட பக்கத்தில் ஒரே மாதிரித் தெரியும், நாற்பது படி தாண்டின பிறகு தெரிந்தால் பிரித்துக் கட்ட வேண்டியதுதான்.

செகண்ட் ஹேண்டில் வந்ததைக் கழுவித்தான் ஆக வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் சோப்பு போதும். 40 டிகிரிக்கு மேல் வேண்டாம் என்று லெகோவே சொல்கிறது, பாத்திரம் கழுவும் மெஷினிலும் வாஷிங் மெஷினிலும் போடக் கூடாது. அந்தக் காலத்துப் பழுப்பும் அடர்சிவப்பும் எளிதில் உடையும் என்று பெயர் எடுத்தவை, அவற்றைப் பிரிக்கும்போது பல்லால் கடித்து இழுக்காதீர்கள்.

கட்டி முடித்ததும் எல்லாரும் செய்கிற காரியம், இரண்டு ஓரத்தையும் பிடித்துத் தூக்குவது. மேல் தகடுகள் பல இடத்தில் இறுகப் பூட்டப்படவில்லை, சும்மா சாய்ந்து உட்கார்ந்திருக்கின்றன. ஓரத்தைப் பிடித்தால் தகடு கையோடு வரும், கப்பல் கீழே இருக்கும். கையை அடியில் கொடுத்து நடுச் சட்டத்தைப் பிடியுங்கள், முடிந்தால் இரண்டு பேராகத் தூக்குங்கள். இதை விடச் சுலபம், எங்கே வைக்கப் போகிறீர்களோ அங்கேயே கட்டிவிடுவது. 84-க்கு 56 சென்டிமீட்டர் இடம் இருக்கிறதா என்று வாங்குவதற்கு முன்பே டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள், சாதாரணப் புத்தக அலமாரியில் இது நிற்காது.

பழசா புதுசா என்ற சண்டை

2007-இல் வந்ததில் உள் அறைகள் கிடையாது. புதியதில் தகடுகளைத் திறந்தால் உட்காரும் இடம், விளையாட்டுப் பலகை எல்லாம் உண்டு, ரேடார் தட்டை மாற்றிக்கொள்ளலாம், பழைய படங்களின் ஆட்களும் புதிய படங்களின் ஆட்களும் தனித்தனியாக வருகிறார்கள். மாடலாக வைத்துப் பார்த்தால் புதியதுதான் மேல், இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பழையதே அழகு என்று சொல்கிறவர்களில் பலர் அதற்குப் பெரிய தொகை கொடுத்தவர்கள், அவர்கள் கருத்தை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனாலும் 10179-ஐ மதிப்பில்லாதது என்று ஒதுக்குவதும் தவறு. எண் இல்லாத பைகளோடு, எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சமாளித்துக் கட்டுகிற அனுபவம் புதியதில் கிடைக்காது. விலை இறங்கியதும் அதற்கு நல்லதுதான், முதலீட்டுக் கூட்டம் கொஞ்சம் விலகி, கட்ட ஆசைப்படுகிறவர்களுக்கு வழி விட்டது. அந்த ஆசைதான் உங்களுக்கும் என்றால் சீல் பெட்டியைத் தேடாதீர்கள். பெட்டி கிழிந்து, புத்தகம் இருந்து, ஐந்து மினிஃபிகரும் சரியாக இருக்கிற பிரித்த செட்டைத் தேடுங்கள். கிழிந்த பெட்டியைக் காட்டி விலையைக் குறைக்கவும் செய்யலாம், விற்பவர்கள் இதற்குப் பெரும்பாலும் இறங்கி வருவார்கள்.