ஸ்க்ரப்பருக்கு எந்த ஸ்டீல் எடுக்கணும்?

பினாங்கு பிறை ஒர்க்‌ஷாப் பக்கம் நிறைய தம்பிங்க 'ஸ்டெயின்லெஸ்தானே, துருப்பிடிக்காதுலா'ன்னு 316எல் தகடை எடுத்துடறாங்க, பவர் பிளான்ட் ஸ்க்ரப்பருக்கு, அதாவது புகையில இருக்கிற சல்ஃபர் வாயுவ கழுவி எடுக்கிற கலனுக்கு, அது பத்தாது. முதல்ல ஸ்லரியோட (புகைய கழுவுற சுண்ணாம்புக்கல் கரைசல்) குளோரைடு, பிஎச், சூடு மூணையும் கேட்டு வாங்குங்க, அப்புறம் தகட்டுல எது எத்தனை சதவீதம்னு சொல்ற மில் சர்ட்டிஃபிகேட்ட பார்த்து, குரோமியம் சதவீதத்தோட, மாலிப்டினத்த 3.3-ஆலயும் நைட்ரஜன 16-ஆலயும் பெருக்கிக் கூட்டுங்க. வர்ற எண் கூடக் கூட குளோரைடால குழி விழுறது குறையும், 316எல்லுக்கு 24 கிட்ட வரும், 2205 டூப்ளெக்ஸ்ங்கிற இன்னொரு ஸ்டெயின்லெஸுக்கு 35 கிட்ட.

சூடான புகை ஈரத்துல மோதுற இன்லெட்தான் ரொம்ப மோசம், அங்க தண்ணி காஞ்சு காஞ்சு குளோரைடும் ஆசிடும் ஏறிக்கிட்டே போகும், அந்த இடத்துக்கு மட்டும் காசு பார்க்காம சி-276 நிக்கல் அலாய் போடுங்க, முழுத் தகடு வேணாம், கார்பன் ஸ்டீல் மேல 1.6 மிமீ ஷீட் வச்சு வெல்ட் அடிச்சா போதும். 2205-ஐ வெல்ட் அடிக்க 2209 கம்பி. வெல்டு ஓரத்துல நீலமா பழுப்பா கறை தெரிஞ்சா பிக்லிங் பேஸ்ட் (கறைய அரிச்சு எடுக்கிற ஆசிட் பசை) தடவி எடுத்துடுங்க, குழி அங்கேர்ந்துதான் விழும். கையுறை கட்டாயம், அந்த பேஸ்ட்ல ஹைட்ரோஃப்ளூரிக் ஆசிட் இருக்கு.