‘கொள்ளிடம்’ தேடினால் கொள்ளிடம் கிடைக்க: பைத்தானில் பெயர் தேடல்

மன்னார்குடியில் சித்தப்பா விதைநெல் கடை வைத்திருக்கிறார். குறுவைக்கு விதை வாங்கியவர்கள் பட்டியலில் ‘ஏடிடி 43’ என்ற நெல் ரகம் ஓரிடத்தில் ஆங்கிலப் பெரிய எழுத்தில், ஓரிடத்தில் சின்ன எழுத்தில். ரகமோ ஊரோ, பாதி அடித்தாலே ஆள் கிடைக்கணும் என்றார். அதற்காக எழுதியது இது. பைத்தான் 3 போதும். கட்டளைகளை ஒலிப்படி தருகிறேன், ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

முதலில் தேடும் சொல், பட்டியலில் உள்ள சொல் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவர வேண்டும். பெரிய எழுத்தைச் சின்னதாக்க லோயர் வேண்டாம், அதைவிட முழுமையான கேஸ்ஃபோல்ட் போடுங்கள். ஜெர்மன் மொழியின் இரட்டை எஸ் எழுத்தைக்கூட அது ‘எஸ்எஸ்’ என்று பிரித்துவிடும்.

தமிழில்தான் பெரிய எழுத்து, சின்ன எழுத்து இல்லையே என்று நான் அத்தோடு விட்டுவிட்டேன். ‘கொள்ளிடம்’ தேடினேன், பட்டியலில் கண்ணெதிரே இருக்கும் ஊர் வரவில்லை. ஒரு ராத்திரி முழுக்கப் போனது. லென் போட்டு எண்ணிப் பார்த்தபோதுதான் பிடிபட்டது: நான் அடித்ததில் 9 குறியீடு, பட்டியலில் இருந்ததில் 10. ‘கொ’வின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம்; கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். நம் கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. ‘என்எஃப்சி’ என்ற வடிவுக்கு மாற்றினால் இரண்டும் ஒரே குறியீடாகிவிடும்:

இம்போர்ட் யூனிகோட்டேட்டா
டெஃப் சமன்(சொல்):
    ரிட்டர்ன் யூனிகோட்டேட்டா.நார்மலைஸ்('என்எஃப்சி', சொல்).கேஸ்ஃபோல்ட்()

‘சமன்’ என்ற பெயரைத் தமிழிலேயே அடிக்கலாம், பைத்தான் 3 ஏற்கும்.

அடுத்தது, எப்படித் தேடுவது என்பதைப் பயனரே தேர்ந்தெடுப்பது. வரிசையாக இஃப் அடுக்குவது எனக்குப் பிடிக்காது. அகராதி (டிக்ட்) ஒன்று வைத்தால் போதும்; அதில் உள்ள பெயரைக் கொடுத்தால் அந்தப் பெயருள்ள முறையைக் கெட்அட்டர் எடுத்துத் தரும்:

முறைகள் = {'தொடக்கம்': 'ஸ்டார்ட்ஸ்வித்', 'முடிவு': 'எண்ட்ஸ்வித்', 'உள்ளே': '__கண்டெய்ன்ஸ்__'}
கெட்அட்டர்(சமன்(ஊர்), முறைகள்[தேர்வு])(சமன்(தேடல்))

கடைசியில் உள்ள (சமன்(தேடல்)) என்பதை விட்டுவிடாதீர்கள். விட்டால் பிழைச்செய்தி எதுவும் வராது. கையில் கிடைப்பது விடை அல்ல, அந்த முறையே. இஃப் அதை எப்போதும் ட்ரூ என்றே எடுத்துக்கொள்ளும், மொத்தப் பட்டியலும் வந்து நிற்கும். தேடல் பெட்டி காலியாக இருந்தாலும் இதே கதைதான். எழுத்தே இல்லாத வெற்றுச் சரம் எல்லாச் சொல்லிலும் உண்டு என்றே பைத்தான் சொல்லும். அதை முதலிலேயே தடுத்துவிடுங்கள். பயனர் அடித்த பெயரை அப்படியே கெட்அட்டருக்குக் கொடுக்கவே கூடாது, எந்த முறையை வேண்டுமானாலும் அழைத்துவிடலாம். அகராதி வைப்பது அதற்கும்தான்.

பின்சேர்க்கை: சித்தப்பா மகன் ‘முடிவு’ என்று தேர்ந்தெடுத்து ‘ஊர்’ தேடியிருக்கிறான். ஒன்றுகூட வரவில்லை. ‘திருவாரூர்’ என்பதில் இருப்பது தனி ‘ஊ’ இல்லை, ரகரத்தோடு ஒட்டிய ஊகாரக் குறி. இரண்டுக்கும் குறியீடு வேறு. அதனால் தேடல் உயிரெழுத்தில் தொடங்கினால், அந்த எழுத்துக்குப் பதில் அதன் குறியை வைத்து இன்னொரு தடவையும் தேடுகிறேன். ‘அ’வுக்கு மட்டும் குறி கிடையாது. இப்போது திருவாரூரும் தஞ்சாவூரும் வருகின்றன.