கயிற்றை அவிழ்ப்பதற்கு முன்: ஆற்று மணலில் நாய்களைக் கூட்டமாக நடத்திச் செல்லும் முறை

மாசி பிறந்து கொள்ளிடத்தில் தண்ணீர் வற்றி மணல் தெரியத் தொடங்கியதும், திருவையாற்றுக்கு வடக்கே உள்ள படுகையில் நாங்கள் நான்கு குடும்பத்தார் ஆறு நாய்களுடன் விடியற்காலையில் நடக்கப் போவது வழக்கம். அவற்றில் இரண்டு சிப்பிப்பாறை, ஒன்று லாப்ரடார், மற்ற மூன்றும் தெருவிலிருந்து எடுத்து வளர்த்த நாட்டு நாய்கள். ஆறும் வீட்டில் சொன்ன சொல் கேட்பவைதான். ஆனால் தனியாக இருக்கும்போது கூப்பிட்ட குரலுக்குத் திரும்பும் நாய், கூட்டத்தில் இன்னொன்று ஓடுவதைக் கண்டுவிட்டால் பின்னால் ஒலிக்கும் எந்தக் குரலையும் காதில் வாங்குவதில்லை என்பதை நாங்கள் தாமதமாகத்தான் புரிந்துகொண்டோம்.

சம்பா அறுவடை முடிந்த வயல்களில் சிந்திய நெல்லை மேய்வதற்காக வாத்துக் கூட்டங்களை ஓட்டி வருவார்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், கரையிலிருந்து மணலில் இறங்கியவுடன் ஆறு நாய்களையும் ஒரே சமயத்தில் அவிழ்த்து விட்டோம். வளைவுக்கு அப்பால் வாத்துகள் நிற்பதை எவரும் பார்க்கவில்லை. என் நாய் செவலை முதலில் பாய்ந்தது. மற்ற ஐந்தும் எதற்கு ஓடுகிறோம் என்று தெரியாமலே அதன் பின்னால் ஓடின. நான் அதன் பெயரைச் சொல்லிப் பத்து முறையாவது கத்தியிருப்பேன். மூன்று வாத்துகள் செத்துப்போயின. உரிய விலையைக் கொடுத்து மன்னிப்புக் கேட்டபோது, வாத்து மேய்த்த பெரியவர் கோபப்படாமல், "அவுக்கிறதுக்கு முன்னால நாலு பக்கமும் பாத்தீங்களா தம்பி?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. அன்றிலிருந்து நடையின் முறையை அடியோடு மாற்றிக்கொண்டோம்.

முதல் வேலை வீட்டுக் கொல்லையில் தொடங்குகிறது. 'வா' என்ற சொல்லை நாள் முழுவதும் எல்லோரும் எல்லாவற்றுக்கும் சொல்வதால் நாய்க்கு அதில் தனிப்பொருள் எதுவும் இருப்பதில்லை. ஆகவே அழைப்பதற்கென்று ஒரு சொல்லை ஒதுக்கி வையுங்கள். நாங்கள் 'இந்தா' என்பதை நீட்டிச் சொல்கிறோம். அந்தச் சொல்லை ஒருமுறை மட்டும் சொல்லி, நாய் வந்தவுடன் புளியங்கொட்டை அளவு வேகவைத்த ஈரலைக் கொடுக்க வேண்டும். பிஸ்கட்டுக்குத் திரும்பும் நாய் முயலைக் கண்டபின் திரும்பாது. அந்தச் சொல்லால் அழைத்துவிட்டு அடிப்பதோ, குளிப்பாட்ட இழுத்துச் செல்வதோ, கூண்டில் அடைப்பதோ கூடாது. எவ்வளவு நேரம் கழித்து வந்தாலும் தட்டிக்கொடுக்கவே வேண்டும். வந்த பிறகு திட்டினால், வந்ததற்காகத் திட்டு விழுந்ததாகவே நாய் எடுத்துக்கொள்ளும்.

அடுத்து, ஆள் இல்லாத மணல்வெளியில் பத்து மீட்டர் நீளக் கயிற்றைக் கட்டித் தனியாகப் பழக்குங்கள். கயிற்றைக் கழுத்துப் பட்டையில் கட்டாமல் மார்புப் பட்டையிலேயே கட்ட வேண்டும். வேகமாக ஓடும் நாய் கயிறு முடியும் இடத்தில் சுண்டி நிற்கும்போது கழுத்தில் காயம் ஏற்படலாம். ஓடும் கயிற்றைக் கையால் பிடித்தால் உள்ளங்கை அறுந்துவிடும் என்பதால் செருப்புக் காலால் மிதித்து நிறுத்துங்கள். நாய்கள் சேர்ந்து விளையாடும்போது இந்த நீளக் கயிறு கால்களில் சுற்றிக்கொள்ளும். அது தனிப் பயிற்சிக்கு மட்டுமே உரியது.

கூட்டமாகப் போகும் நாளில், கயிற்றோடு முதல் பதினைந்து நிமிடம் எல்லோரும் ஒரே திசையில், நாய்க்கு நாய் நான்கைந்து முழ இடைவெளி விட்டு, பக்கம் பக்கமாக நடக்க வேண்டும். நாய்களை நேருக்கு நேர் முகம் பார்த்து நிற்க வைப்பதே கிளர்ச்சியைக் கூட்டுகிறது. ஒரே திசையில் நடக்கும்போது அவை தரையை மோந்து, மூச்சிரைப்புக் குறைந்து, தாமாகவே தணிகின்றன. அதன்பின் நாலு பக்கமும் பார்த்துவிட்டு, அமைதியான நாயிலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றாக அவிழ்க்கலாம். இழுத்துக்கொண்டு குரைக்கும் நாயை அந்த நிலையில் அவிழ்த்தால், குரைத்தால் விடுதலை கிடைக்கும் என்று அது கற்றுக்கொள்ளும். ஆனால் மற்றவை எல்லாம் திரிய ஒன்று மட்டும் நெடுநேரம் கட்டுண்டு நின்றால் அதற்கு எரிச்சல் ஏறும். அந்த நாயைச் சற்றுத் தள்ளி அழைத்துச் சென்று தணித்து வருவது நல்லது.

நடுநடுவே, பத்து நிமிடத்துக்கு ஒருமுறையாவது, எல்லா நாய்களையும் அழைத்து, கயிற்றைக் கட்டி, ஈரலைக் கொடுத்து, மறுபடியும் அவிழ்த்து விடுங்கள். என் அனுபவத்தில் இதைவிடப் பயனுள்ள பழக்கம் வேறில்லை. கயிறு கட்டினால் வீட்டுக்குத்தான் என்ற எண்ணம் நாய்க்கு வந்துவிட்டால், கை எட்டும் தூரத்துக்கு வந்து நழுவி ஓடும் விளையாட்டு அன்றே தொடங்கிவிடும். பந்தையும் தின்பண்டத்தையும் கூட்டத்தின் நடுவில் எறியாதீர்கள்.

செவலை பாய்வதற்கு முன் வாயை மூடிக்கொள்ளும். காதுகள் முன்னே நிமிரும். ஒரு முன்னங்காலைத் தூக்கியபடி ஒரே இடத்தைப் பார்த்து உறைந்து நிற்கும். அந்த இரண்டு மூன்று நொடிகள்தான் நமக்குள்ள அவகாசம். அப்போது அழைத்தால் திரும்பும், பாய்ந்தபின் அழைத்தால் திரும்பாது. சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் கண்டு துரத்தும் வேட்டை இனங்கள் ஆகையால் அவற்றின் மீது வைத்த கண்ணை எடுக்கவே கூடாது. ஓடிவிட்டால் பின்னால் துரத்தாமல் எதிர்த்திசையில் ஓடி அழையுங்கள். துரத்தினால் நாமும் வேட்டையில் சேர்ந்துகொண்டதாகவே அது நினைக்கும்.

கீதாரிகள் ஆட்டுக்கிடை போட்டிருக்கும் வயலருகே எந்த நாயையும் அவிழ்க்க வேண்டாம். மயில் மேயும் இடத்திலும் அப்படியே; அது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள, சட்டப் பாதுகாப்புப் பெற்ற பறவை. மணல் அள்ளிய பள்ளங்களில் தண்ணீர் தேங்கியிருக்கும். மேலிருந்து பார்த்தால் ஆழம் தெரியாது. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12இல் திறக்கப்படும். அதன்பின் ஆறுகளில் தண்ணீர் ஓடும் காலத்தில் நாங்கள் கரையோடு நிறுத்திக்கொள்கிறோம். வரப்புகளில் எலி மருந்தும் கண்ணாடி விரியனும் உண்டு என்பதால் பயிர் நிற்கும் வயலில் கயிறு கட்டாயம். வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடாத நாயையும், பருவத்தில் இருக்கும் பெட்டை நாயையும் கூட்டத்துக்கு அழைத்து வராதீர்கள். யாரையாவது கடித்துவிட்டால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சண்டை மூண்டால் கழுத்துப் பட்டையைப் பிடிக்கப் போகாதீர்கள், கை கடிபடும். ஒரு குடம் தண்ணீரை முகத்தில் ஊற்றுவது பெரும்பாலும் பலிக்கும். இல்லாவிட்டால் உரிமையாளர்கள் இருவரும் ஒரே சமயத்தில் பின்னங்கால்களைத் தூக்கிப் பின்னுக்கு இழுக்க வேண்டும்.

வெயில் ஏறி மணல் சுடுவதற்கு முன், படித்துறைக்கு இருநூறு அடி இப்பாலேயே எல்லா நாய்களையும் கட்டிவிடுங்கள். அங்கே குளிப்பவர்களும் துணி துவைப்பவர்களும் இருப்பார்கள். தண்ணீர் காட்டிவிட்டு, உட்கார வைத்து, ஒவ்வொரு பாதத்தையும் விரித்து, விரல்களுக்கு நடுவே நெருஞ்சி முள் குத்தியிருக்கிறதா என்று பாருங்கள்.