அஸ்தெனேயா: வேற்றுமையைப் பார்த்துப் பொருள் கொள்ளுங்கள்

புதிய ஏற்பாட்டில் பலவீனத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அஸ்தெனேயா. 'ஸ்தெனோஸ்' என்றால் வலிமை. முன்னால் வரும் 'அ' அதை மறுக்கிறது. பெண்பால் பெயர், முதல் வகைத் திரிபு (வேற்றுமைக்கேற்ப ஈறு மாறும் முறை).

அதிகம் தடுமாற வைப்பது 'அஸ்தெனேயாஸ்' என்ற வடிவம். ஆறாம் வேற்றுமை ஒருமைக்கும் இரண்டாம் வேற்றுமைப் பன்மைக்கும் எழுத்து மாறாது. முதலில் பெயருக்கு முன் வரும் சுட்டிடைச்சொல்லை (ஆங்கில 'the' போன்றது) பாருங்கள். 'தேஸ்' இருந்தால் 'பலவீனத்தின்'. 'தாஸ்' இருந்தால் 'பலவீனங்களை'. மத்தேயு 8:17இல் 'தாஸ்' உண்டு, ஐயமில்லை. லூக்கா 13:11இல் சுட்டு கிடையாது. ஆனால் முன்னால் 'ப்னெவ்மா' (ஆவி) என்ற பெயர் நிற்பதால் ஆறாம் வேற்றுமைதான். 2 கொரிந்தியர் 13:4இல் முன்னிடைச்சொல் (ஆங்கில preposition போன்றது) 'எக்ஸ்' வருகிறது. அது ஆறாம் வேற்றுமையை மட்டுமே ஏற்கும்.

2 கொரிந்தியர் 12:9இல் 'என்' என்ற கிரேக்க முன்னிடைச்சொல்லுக்குப் பின் வருவது நான்காம் வேற்றுமை வடிவம். கடைசி எழுத்தான ஆல்பாவின் அடியில் சிறு இயோட்டா எழுத்து இருக்கும், அச்சில் கூர்ந்து பார்த்தால்தான் தெரியும். இங்கே அதன் பொருள் 'பலவீனத்திலே'.

யோவான் 5:5, 11:4 இரண்டிலும் இதே சொல் நோயைக் குறிக்கிறது. தமிழ் வேதாகமம் 'வியாதி' என்பது சரியே. எல்லா இடத்திலும் 'பலவீனம்' என்று போட்டால் 11:4இல் வரும் நோயாளி லாசரு வெறும் சோர்வில் படுத்திருந்ததாக ஆகிவிடும்.