தருமபுரித் தெருவில் பழைய வழித்தடங்களைத் தேடுவது எப்படி

முதலில் தருமபுரி அகழ்வைப்பகத்துக்கு (தொல்பொருள் அருங்காட்சியகம்) போய், அதியமான் பெருவழி என்ற பழைய நெடுஞ்சாலையில் நாவற்தாவளம் என்ற ஊருக்கு 29 காதம் (பழைய தூர அளவு) என்று சொல்லும் கல்லைப் பாருங்கள். எழுத்துக்குக் கீழே இரண்டு பெரிய குழிகளும் ஒன்பது சிறிய குழிகளும் உள்ளன. பெரியது பத்து, சிறியது ஒன்று என்று எண்ணினால், எழுதப் படிக்கத் தெரியாத வண்டிக்காரரும் தூரத்தை அறிந்திருப்பார் என்பது விளங்கும். எனக்கு இதைவிட அன்பான வழிகாட்டிப் பலகை வேறு தெரியாது.

பிறகு தெருவில் இறங்குங்கள். ஓரத்தில் நிற்கும் கற்களைக் காலை வெயில் சாய்வாக விழும்போது பார்த்தால், தேய்ந்த எழுத்தும் தெரியும். சுண்ணாம்போ மாவோ பூசக் கூடாது, அது கல்லைக் கெடுக்கும். நிற்கும் இரு கற்களின்மேல் ஒரு கல் கிடந்தால் அது சுமைதாங்கி.

மொரப்பூரிலிருந்து 1906இல் தருமபுரிக்கு வந்து, 1913இல் ஓசூர் வரை நீண்ட குறுகிய ரயில் பாதை 1941இல் மூடப்பட்டது. ஆகவே, காரணமின்றி நேராக ஓடும் மண்மேட்டையோ தண்டவாளமில்லாத சிறு பாலத்தையோ கண்டால், பழைய வரைபடத்தோடு ஒப்பிட்ட பின்பே முடிவுக்கு வாருங்கள்.

அஞ்சல் பெட்டிகளையும் குறித்துக்கொள்ளுங்கள். தந்திச் சேவை 2013 ஜூலையில் நின்றுவிட்டதால், அதன் தடயம் பெரும்பாலும் மனித நினைவில்தான் இருக்கிறது, கடைத்தெருவில் பெரியவர்களிடம், "ஐயா, அந்தக் காலத்தில் தந்தி கொடுக்க எங்கே போவீங்க?" என்று கேட்டு, அவர்கள் காட்டும் இடத்தை அன்றைக்கே தேதியோடு எழுதி வையுங்கள்.