சாட்சியத்தைச் சிதைக்காமல் எழுதிவைப்பது எப்படி

கோலாலம்பூர் நீதிமன்றங்களில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது செலாயாங் பகுதியில் வாழும், மியன்மாரிலிருந்து தப்பி வந்த ரோஹிங்யா முஸ்லிம் குடும்பங்களின் வாக்குமூலங்களைப் பதிவு செய்யும் தன்னார்வலர்களுக்கு உதவுகிறேன். நடந்ததை நடந்தபடி சொன்ன சாட்சிகூடக் குறுக்கு விசாரணையில் தடுமாறிப்போவதை எத்தனையோ முறை அருகில் நின்று பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் கோளாறு முதலில் எழுதியவரின் அவசரத்தில் இருக்கும். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அவர்களின் ஊரான மியன்மாரின் ராக்கைன் மாநிலத்தில் நடந்ததைத் தெரிந்துகொண்டு போங்கள். 2023 நவம்பரில் ராக்கைன் பௌத்தர்களின் ஆயுதக் குழுவான அரக்கான் ராணுவம் மியன்மார் ராணுவத்தோடு மீண்டும் போரைத் தொடங்கியது. மறு ஆண்டு மியன்மார் ராணுவம் ரோஹிங்யா இளைஞர்களைக் கட்டாயமாகப் படையில் சேர்த்தது. ரோஹிங்யா ஆயுதக் குழுக்களும் களத்தில் இறங்கின. இடையில் அகப்பட்டவர்கள் ஊர் மக்கள். 2024 மே மாதம் அங்குள்ள புத்திடாங் நகரம் எரிந்தது. ஆகஸ்ட் 5 அன்று, வங்கதேச எல்லையில் ஓடும் நாஃப் ஆற்றைக் கடக்கக் கரையில் காத்திருந்த கூட்டத்தின் மீது ட்ரோன்கள் குண்டு வீசின. உயிர் தப்பியவர்கள் அரக்கான் ராணுவத்தைக் குற்றம் சாட்டினார்கள், அது மறுத்தது.

ஆயுதக் குழுவின் மீது சட்டம் பாயுமா என்று கேட்பார்கள். பாயும். போர்க்கால விதிகளை வகுக்கும் ஜெனீவா உடன்படிக்கைகள் நான்கிலும் உள்ள பொதுவான 3ஆம் பிரிவு, உள்நாட்டுப் போரில் அரசு, குழு என்று பார்க்காமல் எல்லாத் தரப்பையும் கட்டுப்படுத்துகிறது.

உட்கார்ந்ததும் முதல் கேள்வி: இதை வேறு யாரிடமாவது ஏற்கெனவே சொல்லியிருக்கிறீர்களா? ஆம் என்றால், முழுக் கதையையும் மறுபடி வாங்காதீர்கள். ஒரே மனிதரின் நான்கு வாக்குமூலங்களில் நான்கு தேதிகள் இருந்தால் எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு அது போதும். யாரிடம், எப்போது சொன்னார், அவரை இனி எப்படித் தொடர்புகொள்வது, எந்த ஊர், என்ன பாதிப்பு, என்ன ஆவணம் கையில் இருக்கிறது என்பதோடு நிறுத்துங்கள். விரிவான வாக்குமூலம் வாங்குவது பயிற்சி பெற்ற புலனாய்வாளரின் வேலை.

சம்மதத்தை ஒரே கையெழுத்தில் முடிக்கக் கூடாது. எழுதலாமா, குரலைப் பதியலாமா, ஐ.நா. அமைப்புக்கு அனுப்பலாமா, பத்திரிகைக்குத் தரலாமா, குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பெயர் தெரியவந்தால் சம்மதமா என்று தனித்தனியாகக் கேளுங்கள். இதனால் அகதி அட்டையோ, பணமோ, மூன்றாவது நாட்டில் குடியேற்றமோ கிடைக்காது என்பதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். அந்த நம்பிக்கையில் வாய் திறப்பவர்களை ஏமாற்றுவது பெரும் பாவம்.

மொழிபெயர்ப்பாளரைப் பற்றி நான் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன். பல ஆண்டுகளாக இங்கே இருப்பவர்கள் மலாய் பேசுவார்கள். புதிதாக வந்தவர்கள் பலருக்கு ரோஹிங்யா மொழி மட்டுமே தெரியும். கணவன், மாமனார், சமூகத் தலைவர், பிள்ளை என்று எவரையும் இடையில் உட்கார வைக்காதீர்கள். மாமனார் முன்னால் மருமகள் சொல்லாதது நிறைய உண்டு. மொழிபெயர்ப்பவர் ‘அவள் ஓடினாளாம்’ என்று சொல்லாமல், ‘நான் ஓடினேன்’ என்று அவர் வாய்ச்சொல்லாகவே சொல்ல வேண்டும். சுருக்கக் கூடாது, அழகுபடுத்தக் கூடாது. எந்த மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்பதில் கடைசிச் சொல் சாட்சியுடையது.

‘அரக்கான் ராணுவம்தானே சுட்டது?’ என்று கேட்டுவிட்டால் அந்தப் பதிவு கெட்டுவிட்டது. ‘அன்று காலையிலிருந்து சொல்லுங்கள்’ என்று தொடங்கிவிட்டு, பேச விடுங்கள். பிறகு ஒவ்வொரு செய்திக்கும் ‘அது உங்களுக்கு எப்படித் தெரியும்?’ என்று கேளுங்கள். கண்ணால் பார்த்ததும், காதால் கேட்டதும், பக்கத்து வீட்டார் சொன்னதும் தனித்தனியாகத் தாளில் இருக்க வேண்டும். வந்தவர்களின் சீருடை, தோள்பட்டைச் சின்னம், பேசிய மொழி, குண்டு வந்த திசை எல்லாவற்றையும் கேளுங்கள். தேதி நினைவில்லை என்றால் நீங்கள் ஒரு தேதியைச் சொல்லாதீர்கள். நோன்புப் பெருநாளுக்கு முன்பா, மழை தொடங்கிய பிறகா என்று கேட்டு வாருங்கள். ஊரின் பெயரை இரண்டு விதமாகவும் எழுதுங்கள். ரோஹிங்யாக்கள் ‘ஹோய்யார் சிரி’ என்று சொல்லும் ஊர் வரைபடத்தில் ‘தான் ஷௌக் கான்’ என்று இருக்கும்.

குற்றம் நடந்தது என்று காட்டுவதைவிடக் கடினம், உத்தரவிட்டவர் யார் என்று காட்டுவது. எனவே தளபதியின் பெயர், வானொலிக் கருவியில் கேட்ட பேச்சு, சோதனைச் சாவடி இருந்த இடம், குழு கொடுத்த வரி ரசீது, பயண அனுமதிச் சீட்டு, ஆள்சேர்ப்பு அறிவிப்பு ஆகியவற்றை விடாதீர்கள். கசங்கிய ரசீதுகூட அந்த ஊர் யாருடைய ஆட்சியில் இருந்தது என்பதைச் சொல்லும். படம் எடுத்துக்கொண்டு அசலை அவரிடமே திருப்பிக் கொடுங்கள். கைப்பேசிப் படங்களை வாட்ஸ்அப்பில் வாங்காதீர்கள். எடுத்த நேரமும் இடமும் அழிந்துபோகும். அசல் கோப்பை அப்படியே நகலெடுத்து, யார் எடுத்தது, உங்கள் கைக்கு எப்போது வந்தது என்று குறித்துவையுங்கள்.

பாலியல் வன்முறை பற்றி ஒருவர் சொல்லத் தொடங்கினால் விவரம் தோண்டாதீர்கள். மருத்துவ உதவிதான் முதலில். மற்றதைப் பயிற்சி பெற்ற பெண் புலனாய்வாளர் பார்த்துக்கொள்வார்.

பெயர்ப் பட்டியலும் வாக்குமூலமும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது. வாக்குமூலத்தில் குறியீட்டு எண் மட்டும் போதும். மலேசியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் சேராத நாடு. வழியில் ஒரு சோதனையில் உங்கள் பை பிடிபட்டால் துன்பம் அவர்களுக்கு.

இன்னொன்றில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ரோஹிங்யா ஆயுதக் குழுக்கள் வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் அகதி முகாம்களிலிருந்து இளைஞர்களை இழுத்துச் சென்றதையும் எழுதுங்கள். 2017 ஆகஸ்டில் ராக்கைனின் கா மௌங் சேக் பகுதியில் இந்துக்கள் கொல்லப்பட்டதற்கு ‘அர்சா’ என்ற ரோஹிங்யா ஆயுதக் குழுவே பொறுப்பு என்று மனித உரிமை அமைப்பான அம்னெஸ்டி சொன்னது, அர்சா மறுத்தது. அங்கே உறவைப் பறிகொடுத்தவர் வந்தாலும், ராக்கைன் பௌத்தர் வந்தாலும், இதே நாற்காலி, இதே கேள்விகள். நமக்குப் பிடித்தவர்களின் துயரத்தை மட்டும் பதிந்தால் நம் பதிவு எதையும் எந்த நீதிபதியும் நம்ப மாட்டார், நம்பவும் கூடாது.

மியன்மாருக்கான ஐ.நா. சுதந்திரப் புலனாய்வுப் பொறிமுறை 2011 முதல் நடந்த கடும் குற்றங்களின் சான்றுகளை, செய்தவர் எவராயினும், சேகரிக்கிறது. அது நீதிமன்றம் அல்ல. வழக்குக் கோப்புகளைத் தயாரித்துவைக்கும் அமைப்பு. அதன் பாதுகாப்பான இணைய வழியில் பாதிக்கப்பட்டவரே நேரடியாகத் தொடர்புகொள்ளலாம். மியன்மார் உறுப்பு நாடு இல்லையென்றாலும், ரோஹிங்யாக்கள் தப்பியோடிய வங்கதேசம் அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றத்தின் உறுப்பு நாடு. அதனால் எல்லை தாண்டித் துரத்தப்பட்டவர்களின் வழக்கை 2019 நவம்பர் முதல் அந்த நீதிமன்றம் விசாரிக்கிறது. எனவே ஒருவர் எந்த நாளில், எந்த வழியாக, எதற்கு அஞ்சி ஆற்றைக் கடந்தார் என்பதைக் கட்டாயம் எழுதுங்கள்.

அனுப்பிவிட்டதோடு விட்டுவிடாதீர்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை அழைத்துப் பேசுங்கள். புதிய செய்தி இல்லையென்றால் இல்லை என்றே சொல்லுங்கள். தொலைபேசி எண் மாறியிருக்கிறதா, சம்மதத்தில் எதையாவது திரும்பப் பெற விரும்புகிறாரா என்று கேட்டு, பதில் வந்த தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள்.