டெல்டா ஈரத்தில் பழைய டைகாஸ்ட் கார்களைப் புதுப்பித்தல்

பழைய டைகாஸ்ட் காரை, அதாவது அச்சில் வார்த்த உலோகப் பொம்மைக் காரை, புதுப்பிக்கக் கற்றுத்தரும் வீடியோக்களில் பலவும் காய்ந்த, குளிர்ந்த ஊர்களில் எடுத்தவை. அதே பெயிண்டையும் தின்னரையும் வைத்துக்கொண்டு மயிலாடுதுறையில் கார்த்திகை மாதம் ஸ்ப்ரே அடித்துப் பாருங்கள்: பளபளவென்று இருந்த கறுப்பு பத்து நிமிஷத்தில் சாம்பல் பூத்துவிடும். கைத்திறமைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, காற்றில் இருக்கும் ஈரம்தான் காரணம். டெல்டாவில் இந்த வேலையைச் செய்கிறவர் முதலில் பார்க்க வேண்டியது காலண்டரை. கார் அப்புறம்.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் பிரிப்பது, ராவுவது, உதிரி பாகம் செய்வது மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ப்ரே வேலையைத் தை கடைசியிலிருந்து பங்குனி வரை ஒதுக்குங்கள். அந்த நாட்களிலும் காலைப் பனி இறங்கி முடிந்து, பகல் பதினொன்றிலிருந்து மூன்று மணிக்குள் அடித்துவிட வேண்டும். வயலை ஒட்டிய வீடு என்றால் சம்பா அறுவடை நடக்கும் நாளைத் தவிர்க்கவும். அறுவடை மெஷின் கிளப்பும் வைக்கோல் தூசி மூடிய ஜன்னலுக்குள்ளும் வரும். சித்திரை நடுப்பகலில் வேறு தொல்லை: பெயிண்ட் துளி காரைத் தொடுமுன்பே பாதி காய்ந்து, மேல்பரப்பு மணல் போலச் சொரசொரக்கும். ஆடிக் காற்றில் மொட்டைமாடி, திண்ணை எதுவும் உதவாது. சுவரில் மாட்டும் சின்ன ஈரப்பத மீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். 65 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் தாராளமாக அடிக்கலாம். 75-ஐத் தாண்டினால் ஸ்ப்ரே கன்னை மூடி வைத்துவிடுவது நல்லது.

எந்தக் காரைத் தொடலாம்

எல்லாப் பழைய காரையும் புதுப்பிக்கக் கூடாது. லெஸ்னி கம்பெனி 1953-ல் தொடங்கிய மேட்ச்பாக்ஸ், 1956-ல் வந்த கார்கி, பிரிட்டனின் டிங்கி பொம்மைக் கார் அச்சுகளைக் கொண்டு கல்கத்தாவில் வார்த்த நிக்கி டாய்ஸ் ஆகியவற்றில் மூலப் பெயிண்ட் முக்கால்வாசி நிற்கிறதா, பெட்டியும் கூட இருக்கிறதா? சோப்புத் தண்ணீரில் மென்மையான பிரஷ்ஷால் கழுவி அப்படியே வைத்துவிடுங்கள். ஒருமுறை சுரண்டிய மூலப் பெயிண்ட் திரும்ப வராது. பெயிண்ட் போய், சக்கர அச்சு வளைந்து, கண்ணாடி உடைந்து, பரணில் கிடந்த கார்தான் நமக்கு ஏற்றது.

இன்னொரு சோதனையும் உண்டு. இந்தக் கார்களின் உடல் துத்தநாகத்தில் சுமார் 4 சதவீதம் அலுமினியம் கலந்த உலோகம். வார்க்கும்போது ஈயம் போன்ற அசுத்தம் கொஞ்சம் சேர்ந்திருந்தாலும், வருஷங்கள் போகப்போக உலோகத்தின் உள்ளே மணிகளுக்கு இடையில் அரிப்பு ஓடும். சேகரிப்பவர்கள் இதை ‘ஜிங்க் பெஸ்ட்’ என்பார்கள். 1930-களின் டிங்கிகளில் அதிகம். சூடும் ஈரமும் இதை வேகப்படுத்தும், நம்மிடம் இரண்டும் உண்டு. பெயிண்டுக்கு அடியில் வலைபோன்ற நுண்விரிசல், அடித்தகடு வில்லாக வளைந்திருப்பது, உடல் உப்பி கதவு இறுகிப்போவது எல்லாம் இதன் அடையாளம். இதற்கு மருந்து கிடையாது. பக்கத்துக் காருக்குத் தொற்றவும் செய்யாது, அந்தப் பயம் வேண்டாம். மேலாக மட்டும் வெள்ளைப் பொடி படிந்து, நகத்தால் கீறினால் உள்ளே கெட்டியான உலோகம் தெரிந்தால் அது வெறும் மேல் அரிப்பு. அந்தக் காரைக் காப்பாற்றலாம்.

ரிவெட்டைத் திறப்பது

மிக அதிகமான கார்கள் பாழாவது இந்த இடத்தில்தான். அடித்தகட்டைப் பிடித்துக்கொண்டிருப்பது உடலோடு சேர்ந்து வார்த்த ஒரு தூண். அதன் நுனியை நசுக்கிக் காளான் தலையாக்கியிருப்பார்கள். அந்தத் தலையை மட்டும் எடுக்க வேண்டும், தூண் அப்படியே நிற்க வேண்டும்.

மின் டிரில் வேண்டாம். துத்தநாகம் மெத்தென்ற உலோகம். சீவல் பிட்டில் அப்பிக்கொண்டு, பிட் சட்டென்று உள்ளே இழுத்துத் தூணைப் பிளந்துவிடும். கையால் திருகும் சின்ன டிரில் போதும். கும்பகோணம் போல நகைத்தொழில் நடக்கும் ஊர்களில் பொற்கொல்லர் சாமான் விற்கும் கடைகளில் கை டிரில், நுண்ணிய பிட்டுகள், ஊசி அரங்கள் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும்.

ரிவெட்டின் நடுவில் சென்டர் பஞ்ச் வைத்து ஒரே தட்டு. குழி ஓரமாக விழுந்தால், குழியைச் சாய்வாகத் தட்டி நடுவுக்குக் கொண்டு வந்த பிறகே டிரில் செய்யுங்கள். ஹாட் வீல்ஸ் அளவுள்ள 1:64 (நிஜக் காரில் 64-ல் ஒரு பங்கு) காருக்கு 1.6 மி.மீ. பிட்டால் நேர் செங்குத்தாக 6 மி.மீ. ஆழம் துளையுங்கள், ஆழம் தெரிய பிட்டில் ஒரு துண்டு ஒட்டும் டேப் சுற்றிக்கொள்ளலாம். பிறகு 4 மி.மீ. பிட்டைக் கையில் பிடித்துத் தலையின் மேல் மெதுவாகத் திருப்புங்கள். வெள்ளிச் சுருள் சுருளாக வரும். ஒரு கட்டத்தில் மெல்லிய வளையம் ஒன்று கழன்று பிட்டோடு சேர்ந்து சுற்றும், அடித்தகடு லேசாக ஆடும். அத்தோடு நிறுத்திவிடுங்கள்.

முதலில் போட்ட அதே 1.6 மி.மீ. துளையில் எம்2 (2 மி.மீ.) டேப் என்ற மரை வெட்டும் கருவியால் மரை போட்டால், திரும்பப் பூட்ட எம்2 ஸ்க்ரூ சரியாக உட்காரும். மரை போடும்போது ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று போய், இரண்டு மூன்று முறைக்கு ஒருதரம் டேப்பை வெளியே எடுத்துச் சீவலைத் துடையுங்கள். டேப் உள்ளே முறிந்தால் அந்தத் தூணின் கதை முடிந்தது, தோண்டி எடுக்க வழியில்லை. 1:43 கார்களின் தடித்த தூணுக்கு 2.5 மி.மீ. துளையும் எம்3 ஸ்க்ரூவும் போடலாம். பிரித்த பாகங்களை ஒவ்வொரு காருக்கும் தனி டப்பாவில் போட்டு, பிரிப்பதற்கு முன்னும் பின்னும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய பெயிண்டை எடுப்பது

பித்தளைப் பாத்திரம் தேய்க்கும் பழக்கத்தில் புளியோ எலுமிச்சையோ எடுக்காதீர்கள். புளிப்பு எதுவானாலும் துத்தநாகத்தைத் தின்னும். காஸ்டிக் சோடாவும் அப்படித்தான்: பெயிண்டை உரிக்கும், கூடவே உலோகத்தோடு வினைபுரிந்து எரியக்கூடிய ஹைட்ரஜன் வாயுவை விட்டு மேல்பரப்பைக் கறுப்பாக்கும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் ஜெல் வகை பெயிண்ட் ரிமூவர்தான் சரி. கண்ணாடி ஜாடியிலோ சமையலுக்குத் திரும்பப் போகாத எவர்சில்வர் கிண்ணத்திலோ வைத்து, ரிமூவர் தடவி 15 நிமிஷம் விட்டுப் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்க்கவும். பிளாஸ்டிக் டப்பா கரைந்துவிடும். கார் கண்ணாடி, சீட், பிளாஸ்டிக் அடித்தகடு எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. வேலை திறந்தவெளியில், கையுறையோடு. பழைய பொம்மைப் பெயிண்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் உலர்ந்த உப்புத்தாள் போட்டுத் தூசி கிளப்பாதீர்கள். வாட்டர் பேப்பரை நனைத்தே தேயுங்கள்.

கழுவுவதற்குப் போர் தண்ணீர் வேண்டாம். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்துத் தண்ணீரில் உப்பு அதிகம், காய்ந்த பிறகு அந்த உப்பு பெயிண்டுக்கு அடியில் தங்கிப் பிறகு கொப்புளமாக எழும்பும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் கடைசிக் கழுவல் கொடுங்கள், 1:43 காருக்குக் கால் லிட்டர் போதும். ஹேர் டிரையரால் மூலைமுடுக்கெல்லாம் உலர்த்தி, அன்றைக்கே பிரைமர் அடித்துவிட வேண்டும். வெற்று உலோகத்தை ஒரு இரவு கடற்காற்றில் விட்டால் மறுநாள் வெள்ளைப் பொடி தட்டியிருக்கும்.

கழுவியபின் வெறும் கையால் தொடாதீர்கள். தேங்காய் எண்ணெய் தடவிய தலையைக் கோதிய விரல் ஒருமுறை பட்டால் போதும், அந்த இடத்தில் பெயிண்ட் விலகி வட்டக் குழியாக நிற்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்தபின் அடியுங்கள்.

புட்டி, பிரைமர், நிறம்

உடைந்த மூலைக்கு எம்-சீல் வைத்து, இறுகியபின் ஊசி அரத்தால் வடிவம் கொண்டு வாருங்கள். சின்னக் குழிகளுக்கு டிங்கரிங் பட்டறையில் பயன்படுத்தும் என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) புட்டி. தடிமனாக அப்பினால் காயும்போது சுருங்கிப் பள்ளம் விழும், எனவே மெல்லிசாக இரண்டு மூன்று முறை. 400 வாட்டர் பேப்பரில் தொடங்கி 800-ல் முடிக்கவும். கதவுக் கோடுகளைத் தையல் ஊசியால் பிரைமருக்கு முன்பே ஒருதரம் கீறி ஆழப்படுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் மூன்றாவது பூச்சில் கதவே காணாமல் போகும்.

வீட்டுக் கதவுக்கு அடிக்கும் எனாமலை நேராகத் துத்தநாகத்தின் மேல் பூசுவது எல்லோரும் செய்யும் தவறு. முதல் மாதம் நன்றாக இருக்கும். பிறகு எனாமலில் உள்ள எண்ணெய் துத்தநாகத்தோடு சேர்ந்து சோப்பாக மாறி, படலம் தோல் உரிவது போல உரியும். நடுவில் டூ-பேக் (இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கும்) எபாக்ஸி பிரைமர் ஒரு மெல்லிய பூச்சு இருந்தால் இது நடக்காது. பிரைமர் ஒரு இரவு முழுக்கக் காயட்டும். மறுநாள் 1000 பேப்பரால் ஈரம் தொட்டு லேசாகத் தேய்த்துவிடுங்கள். மேல் நிறம் மஞ்சளோ சிவப்போ என்றால் சாம்பல் பிரைமர் மேல் ஒரு வெள்ளைப் பூச்சு கொடுத்தபின் அடிக்கவும், இல்லையேல் நிறம் மங்கித் தெரியும்.

கார் பெயிண்ட் மிக்ஸிங் கடையில் என்சி நிறம் 100 மி.லி. வாங்கினால் பல கார்களுக்கு வரும். ஏர்பிரஷ் என்ற சின்ன ஸ்ப்ரே கன்னுக்கு 0.3 மி.மீ. நாசில், 15 முதல் 20 பிஎஸ்ஐ அழுத்தம். ஒரு பங்கு பெயிண்டுக்கு ஒன்றரைப் பங்கு தின்னர். 1:43 உடலுக்கு மூன்று பூச்சும் சேர்த்து 5 மி.லி. பெயிண்ட் போதும். 10 முதல் 15 செ.மீ. தூரத்திலிருந்து முதல் பூச்சு பனி படர்ந்த மாதிரி. அடியில் பிரைமர் தெரிந்தாலும் பரவாயில்லை. பத்து நிமிஷம் விட்டு அடுத்தது. கம்ப்ரஸர் குழாயில் தண்ணீர் பிரிக்கும் வடிகட்டி இல்லாமல் டெல்டாவில் வேலை செய்யவே கூடாது. காற்றை அழுத்தும்போது அதிலுள்ள ஈரம் தண்ணீராகி, துப்பியது போலக் காரின் மேல் விழும்.

தொடக்கத்தில் சொன்னபடி நிறம் சாம்பலாக, வெள்ளையாகப் பூப்பதற்குக் காரணம் இதுதான்: தின்னர் வேகமாக ஆவியாகும்போது பூச்சு குளிர்கிறது, சுற்றியுள்ள ஈரம் அதன்மேல் பனித்துளியாக இறங்குகிறது. வேகமான மலிவுத் தின்னரில் இது மோசம். மெதுவாக ஆவியாகும் ரிடார்டரைத் தின்னரில் 10 சதவீதம் கலந்தால் குறையும். ஏற்கெனவே பூத்துவிட்டதா? சுரண்ட வேண்டாம். காய்ந்த நாளில் ரிடார்டர் கலந்த தின்னரை மட்டும் மிக லேசாக ஒரு பூச்சு அடித்தால், மேல் படலம் இளகி ஈரம் வெளியேறிப் பழைய நிறம் திரும்பும்.

உலர்த்த ஒரு அட்டைப்பெட்டியில் 40 வாட் குண்டு பல்பு மாட்டி, மேலே இரண்டு துளை போட்டு, உள்ளே வெப்பமானி வையுங்கள். 45 டிகிரி தாண்டக் கூடாது. பூச்சில் தின்னர் வாசனை முழுக்கப் போன பிறகுதான் பெட்டிக்குள் வைக்க வேண்டும். தின்னர் எளிதில் பற்றிக்கொள்ளும். அடுப்படியும் சாமி விளக்கும் இருக்கும் அறையில் ஸ்ப்ரே வேண்டவே வேண்டாம். துணி மாஸ்க் தின்னர் ஆவியைத் தடுக்காது, கார்பன் வடிகட்டி உள்ளதை வாங்குங்கள்.

டயர், கண்ணாடி, நம்பர் பிளேட்

இறுகி வெடித்த ரப்பர் டயருக்குப் பம்புசெட் ரிப்பேர் கடைகளில் கிடைக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் அருமையான மாற்று. ரிம் விட்டத்தைவிட உள்விட்டம் பத்தில் ஒரு பங்கு சிறியதாகத் தேர்ந்தெடுத்தால் பசை இல்லாமலே பிடித்து நிற்கும். 2 மி.மீ. அச்சுக்குச் சைக்கிள் ஸ்போக்கை வெட்டிக்கொள்ளலாம்.

மங்கிய கண்ணாடியை 2000 பேப்பரில் ஈரமாகத் தேய்த்துக் கார் பாலிஷ் போட்டால் தெளியும். உடைந்திருந்தால் ஓஎச்பி ஷீட் என்ற தெளிவான பிளாஸ்டிக் தாளை வெட்டிப் பொருத்துங்கள். ஒட்ட ஃபெவிகால் போதும், காய்ந்தால் நிறம் தெரியாது. ஃபெவிக்விக் தொட்டால் அதன் ஆவி ஈரக் காற்றில் கண்ணாடி முழுக்க வெள்ளைப் படலமாகப் படியும்.

அளவு பொறிக்காத அம்பாசிடர் பொம்மை கையில் இருந்தால், நிஜ அம்பாசிடரின் முன் பின் சக்கர இடைவெளியான 2,464 மி.மீ.யைப் பொம்மையின் இடைவெளியால் வகுத்துப் பாருங்கள். பொம்மையின் இடைவெளி 57 மி.மீ. என்றால் விடை 43 வரும், அது 1:43. நிஜ நம்பர் பிளேட் 500-க்கு 120 மி.மீ., எனவே 1:43-ல் 11.6-க்கு 2.8 மி.மீ. சொந்தக் காருக்கு வெள்ளை, டாக்ஸிக்கு மஞ்சள். தஞ்சாவூருக்கு டிஎன் 49, திருவாரூருக்கு 50, நாகப்பட்டினத்துக்கு 51, கும்பகோணத்துக்கு 68 என்று ஊர் எண்ணைச் சரியாகப் போட்டால் பார்த்தவுடன் நம் ஊர் கார் ஆகிவிடும்.

வைப்பது

அலமாரியில் அந்துருண்டை போடாதீர்கள், அதன் ஆவி பிளாஸ்டிக் பாகங்களை இளக்கிவிடும். புதிய பிளைவுட், எம்டிஎஃப் பலகைகளிலிருந்து வரும் அமில ஆவி துத்தநாகத்தை அரிக்கும். பழைய தேக்கு அலமாரி, இல்லையேல் ரப்பர் விளிம்புள்ள மூடிய பெட்டி நல்லது. பெட்டிக்கு 50 கிராம் நிறம் மாறும் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை பாருங்கள். நிறம் மாறியிருந்தால் 110 டிகிரியில் இரண்டு மணி நேரம் ஓவனில் சூடாக்கி, ஆறியபின் திரும்பப் போடலாம்.